முப்பத்தைந்தில் நின்ற அப்டேட்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற பெண்ணுக்கு இது ஆகாத குணம் என்பது முகப்பேரில் எங்கள் பிளாக்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டியோடு போய் நின்றுவிடுவேன், அது ஒன்றுதான் காரணம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பக்கெட்டில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தபோது பூந்தமல்லியிலிருந்து ஒருவர் போன் செய்தார். இளவயதுக் குரல். யாரோ என் நம்பரைக் கொடுத்தார்களாம். முந்தின நாள் சாயங்காலம் கம்ப்யூட்டரில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததாம், நடுவில் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டாராம். இப்போது உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, திங்கள் காலை ஒன்பது மணிக்குள் சரியாகியே ஆக வேண்டும் என்றார்.

நடுவில் அணைத்தேன் என்று கேட்டதுமே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மாதத்தில் பத்து பேராவது இதைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள். அணைக்காதே என்று திரையிலேயே போட்டிருக்குமே, படிப்பதற்கு என்ன கேடு, ஒரு மணி நேரம் பொறுமையாக இருந்தால் என்ன குறைந்துபோகும் என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"எனக்கு அது ஒண்ணும் பேசலைங்க."

கம்ப்யூட்டர் எதற்குப் பேச வேண்டும் என்று அதற்கும் சேர்த்துக் கேட்டேன். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. திரையில் இருப்பதையெல்லாம் குரலில் படித்துக் காட்டும் ஒரு மென்பொருளை வைத்துத்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறார். அப்டேட் ஓடும்போது அந்தக் குரல் வராது. அணைக்காதே என்று திரை எவ்வளவு பெரிய எழுத்தில் கெஞ்சினாலும் அவர் காதுக்கு ஒன்றும் வந்து சேராது.

அப்படியே பக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு இன்றுவரை வராத கலை. முகவரியை அனுப்புங்க தம்பி, அரை மணி நேரத்துல வரேன் என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போவதில்லை என்று நான் வைத்திருந்த விரதம் அன்றோடு முடிந்தது.

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்தது அவருடைய அம்மா. தலையில் முக்காடு, கையில் கரண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவர். நான் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே அவர் தன் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டார்.

"அவன் மேல தப்பு இல்லம்மா. எனக்கு இங்கிலீசு எழுத்து வராது, நம்பரு மட்டும் தெரியும். முப்பத்தஞ்சுன்னு போட்டுக்கினு இருந்திச்சு. மஃரிப் தொழுதுட்டு வந்து பாத்தேன், அதே முப்பத்தஞ்சு. சோறு வடிச்சிட்டு வந்து பாத்தேன், அப்பவும் அதே முப்பத்தஞ்சு. நின்னு பூட்ச்சுடா, அணைச்சிடுன்னு நான்தான் சொன்னேன்."

கம்பெனியில் துணிக்கட்டுகளின் நம்பரைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர். தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார், குர்ஆனை அரபியில் ஓதுவார். ஆனால் அந்த எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் இருந்த அந்த ஒரு வரி மட்டும் அவருக்கும் மகனுக்கும் நடுவே படிக்க ஆளில்லாமல் கிடந்திருக்கிறது. போனில் நான் கத்திய கத்தலை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மகன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். நன்றாக இஸ்திரி போட்ட சட்டை. மானிட்டர் மேல் தூசி தட்டாத துணி ஒன்று போர்த்தியிருந்தது. மானிட்டர் அவருக்குத் தேவைப்படுவதே இல்லை. துணியை எடுத்துவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். லோகோ வந்தது, வட்டம் சுற்றியது, அணைந்தது, மறுபடி லோகோ வந்தது. மூன்றாவது சுற்றில் பழுதுபார்க்கும் நீலத் திரை வந்து நின்றது.

எங்கள் தொழிலில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து ஃபார்மட்தான். வந்தோமா, துடைத்தோமா, புதிதாகப் போட்டோமா, கிளம்பினோமா என்று இருப்போம். நானும் அந்தக் கட்சிதான். ஃபார்மட் அடிச்சிடலாம் தம்பி, மத்தியானத்துக்குள்ள ரெடி என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

ஃபார்மட்டைத் தவிர என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். பிறகு நிதானமாகக் காரணத்தைச் சொன்னார். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைப் போனில் கேட்டுப் பதிவு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். திங்கள் காலை ஒன்பது மணிக்கு முதல் ஷிஃப்ட். இதற்கு முன்னால் இரண்டு இடங்களில், கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பியவர்கள் இன்றுவரை கூப்பிடவில்லை. இவர்களும் தயங்கித் தயங்கி ஒரு வாரம் பார்க்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் மென்பொருளில் பாதிப் பொத்தான்களைக் குரல் மென்பொருளால் படிக்க முடியவில்லை, வெறுமனே பொத்தான், பொத்தான் என்றே சொல்லுமாம். பத்து நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்து, அது எதற்கென்று கண்டுபிடித்து, இவரே பெயர் வைத்திருக்கிறார். அத்தனையும் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் அத்தனையும் போய்விடும்.

"ஒன்பது மணிக்கு நான் உள்ள இல்லேன்னா, பார்த்தீங்களா, நாங்க அப்பவே நினைச்சோம்னு முடிச்சிடுவாங்கக்கா."

அதுவரை மேடம் என்று கூப்பிட்டவருக்கு நான் அக்காவானது அந்த இடத்தில்தான். சரி, ஃபார்மட் இல்லாமல் பார்ப்போம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். திரையில் என்ன வந்தாலும் ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும், அவர் சரி என்று சொன்ன பிறகுதான் அழுத்த வேண்டும். எனக்கு இது பெரிய தண்டனை. இந்தத் திரைகளை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், எந்த மூலையில் எந்தப் பட்டன் என்று கைக்கே தெரியும். முனகிக்கொண்டே வாசித்தேன்.

கோப்புகளை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை மட்டும் புதிதாக்கு என்று ஒரு தேர்வு வந்தது. நான் எப்போதும் அழுத்துவது அதைத்தான். ஒன்றும் போகாது தம்பி, அழுத்தவா என்றேன். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. உங்கள் கோப்புகள் இருக்கும், ஆனால் நீங்கள் போட்ட மென்பொருள்களும் செய்த அமைப்புகளும் நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருந்தது. அதாவது அவருடைய குரல் போய்விடும், அவர் பெயர் வைத்த பொத்தான்கள் போய்விடும், வேண்டாத போட்டோக்கள் மட்டும் பத்திரமாக இருக்கும்.

எத்தனை பேர் வீட்டில் இதை அழுத்தியிருக்கிறேன். அந்த சாஃப்ட்வேரைக் காணோம், இந்த சாஃப்ட்வேரைக் காணோம் என்று மறுநாள் போன் செய்தவர்களிடம், உங்களுக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று நானே எகிறியிருக்கிறேன். பார்வை உள்ள நான் இத்தனை வருஷமாக அந்தச் சின்ன எழுத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார், கிண்டலாக இல்லை.

அதற்குப் பிறகு முனகாமல் வாசித்தேன். ஸ்டார்ட்டப் ரிப்பேர் ஓட்டினோம், முடியவில்லை என்று கைவிரித்தது. கடைசியாக வந்த அப்டேட்டை நீக்கு என்பதில் இரண்டு வகை இருந்தது. சின்ன அப்டேட்டை நீக்கிப் பார்த்தோம், மறுபடி அதே நீலத் திரைதான். பெரியதை நீக்கச் சொன்னோம். தயவுசெய்து காத்திருங்கள் என்று ஒரு வரி, அதற்கு மேல் ஒரு வட்டம். எண் கூட இல்லை.

காத்திருப்பதில் எனக்கும் என் போனுக்கும் நல்ல பழக்கம். எடுத்து நோண்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர், அக்கா இருக்கீங்களா என்று கேட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது, நானும் பேசாமல் திரையும் பேசாமல் இருந்தால் அவருக்கு அந்த அறையில் ஒன்றுமே நடக்கவில்லை. போனைப் பையில் போட்டேன். வட்டம் சுற்றுகிறது, இன்னும் சுற்றுகிறது, எழுத்து மாறவில்லை என்று கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட சாலையைத் திட்டினேன். அவர் அம்மா கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது.

நாற்பது நிமிடம் கழித்து நுழைவுத் திரை வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஸ்பீக்கரிலிருந்து ஒரு குரல் கடகடவென்று எதையோ கொட்டியது. அவ்வளவு வேகத்தில் ஒரு எழுத்துகூட எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. விரல்கள் கீபோர்டில் ஓட ஆரம்பித்தன. கம்பெனி மென்பொருளைத் திறந்தார், ஒவ்வொரு பொத்தானாகப் போனார், அவர் வைத்த பெயர்கள் எல்லாம் இருந்தன. சமையலறையிலிருந்து அவர் அம்மா எட்டிப் பார்த்து, "பேசிட்ச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். உள்ளே அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

பெருமையில் நான் ஒரு சுற்று பெருத்துவிட்டது போல இருந்தது. வேலை எப்படி என்று காட்டுங்கள் என்றேன். ஹெட்போனின் ஒரு பக்கத்தை ஒரு காதில் வைத்துக்கொண்டு, ஒரு காது கம்ப்யூட்டருக்கு, இன்னொரு காது வாடிக்கையாளருக்கு என்று விளக்கினார். சேமியா வந்தது. ஏலக்காய் மணக்க மணக்க இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். எல்லாம் ஓகே தம்பி, நாளைக்குத் தைரியமா உட்காருங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை மாங்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. வானகரம் பக்கம் பைபாஸ் பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மணி எட்டு இருபது.

"அக்கா, குரல் நின்னுடுச்சு. ஃபேன் மட்டும் ஓடுது. அம்மா வேலைக்குப் போயிட்டாங்க."

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லை, ஒவ்வொரு ஷிஃப்டுக்கு முன்னாலும் கம்ப்யூட்டரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பது கம்பெனி விதி, அதைத்தான் செய்தேன் என்றார்.

நீக்கிய அப்டேட்டை இந்த இயந்திரங்கள் மறக்காது. இன்டர்நெட் கிடைத்ததும் அதையே மறுபடி இறக்கி வைத்துக்கொண்டு, எப்போது ரீஸ்டார்ட் ஆகும் என்று காத்திருக்கும். அது நடக்காமல் சில வாரம் தள்ளிவைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு நொடி வேலை. சேமியா சாப்பிட்ட பெருமையில் அதை நான் அழுத்தவில்லை.

ஸ்கூட்டியை ஓரமாக, ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தம்பி, தப்பு என்னுது என்றேன். இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் விரல் மடக்கத் தேவையிருக்காது. அவர் அதற்கு மயங்கவில்லை.

"அதை அப்புறம் பேசிக்கலாம்க்கா. இப்ப திரையில என்ன நம்பர்னு எப்படிப் பாக்குறது?"

அந்த நேரத்தில் வானகரத்திலிருந்து பூந்தமல்லி போய்ச் சேர அரை மணியாவது ஆகும். போய்ச் சேர்வதற்குள் அவருக்குத் திரையைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. நான் ஸ்கூட்டியைத் திருப்பவில்லை. வீடியோ காலில் வரச் சொன்னேன். முதலில் மின்விசிறி தெரிந்தது, அப்புறம் நாட்காட்டி. கொஞ்சம் கீழே, இடது பக்கம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லச் சொல்ல அவர் போனை நகர்த்தினார். திரை வந்தது. அப்டேட் நடக்கிறது, பன்னிரண்டு சதவீதம், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள். அத்தனையையும் வாசித்தேன்.

போன தடவை கெட்டது அப்டேட்டால் இல்லை, நடுவில் அணைத்ததால்தான். இந்த முறை தொடாமல் விட்டால் தானாக முடிந்துவிடும் என்பது என் கணக்கு. அதை அவரிடம் சொன்னேன். முடியும் என்று நினைக்கிறேன் என்றுதான் சொன்னேன். சத்தியம் செய்யவில்லை.

பதினெட்டு. இருபத்திரண்டு. முப்பது. சாலையில் லாரிகளின் ஹாரன், நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இளநீர்க்காரர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். எட்டு முப்பத்தொன்றுக்கு முப்பத்தைந்து வந்தது. அங்கேயே நின்றது.

எட்டு முப்பத்தாறு. முப்பத்தைந்து. எட்டு நாற்பது. முப்பத்தைந்து.

அதேவா என்று கேட்டார். அதேவா என்று மறுபடியும் கேட்டார். முப்பத்தாறு என்று சொல்லிவிட்டால் என்ன என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. யார் பார்க்கப்போகிறார்கள். மனசு கொஞ்சம் நிம்மதியாகும், கையைப் பட்டனுக்குக் கொண்டுபோக மாட்டார். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் நேற்று ஒரு வார்த்தை விடாமல் வாசிக்கச் சொன்ன ஆள் இவர். அந்தத் திரையில் இருப்பதை இவருக்குச் சொல்ல இந்த உலகத்தில் அப்போது நான் ஒருத்திதான். நானே இல்லாததைச் சொன்னால் அப்புறம் என்னிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது.

"முப்பத்தஞ்சுதான் தம்பி. ஆனா வட்டம் சுத்துது. நிக்கல. கையை மடியில வச்சுக்குங்க."

சரிக்கா என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டு நாற்பத்தைந்துக்கு எண் ஒரே தாவாக அறுபத்தொன்றுக்குப் போனது. நான் அறுபத்தொண்ணு என்று கத்திய கத்தலில் இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார். எண்பது. தொண்ணூற்றெட்டு. பிறகு திரை முழுக்கக் கறுப்பு. கறுப்பாயிடுச்சு என்று சொல்லும்போதே அவர், ஃபேன் சத்தம் மாறுதுக்கா, மறுபடி கிளம்புது என்றார். அது எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டது. அந்த இடத்தில் அவர்தான் எனக்குச் சொன்னார்.

எட்டு ஐம்பத்தாறுக்கு அந்தக் கடகடக் குரல் வந்தது. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது, நடுரோட்டில், ஹெல்மெட்டோடு. அவர் போனை மேசை மேல் வைத்தார். மறுபடி மின்விசிறி தெரிந்தது. கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போயிட்டேன் என்று ஒருமுறை சொன்னார், என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எட்டு ஐம்பத்தொன்பது.

அழைப்பைத் துண்டிக்க அவர் மறந்துவிட்டார். எனக்கும் மனம் வரவில்லை. என் பக்கத்து ஹாரன் சத்தம் அவருடைய வாடிக்கையாளருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மைக்கை மட்டும் அணைத்துவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முதல் அழைப்பு வந்தது. வணக்கம் சார் என்றார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை, ரொம்ப நேரம் திட்டியிருக்க வேண்டும். இவர் நடுவில் பேசாமல் கேட்டார். புரியுதுங்க சார் என்றார். ஏதோ தட்டினார், எதையோ பதிந்தார், நாளைக்குள் சரியாகிவிடும் என்று ஒரு புகார் எண்ணை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியில், கம்பெனியில் சொல்லிக்கொடுத்த அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

அந்த மனிதர் என்ன பதில் சொன்னாரோ தெரியாது. வேண்டாம்ப்பா, போதும் என்று வானகரம் பாலத்துக்குக் கீழே நின்று நான் சொன்னேன்.